சைக்கிள் பயணத்தைப் பதிவு செய்ய ஸ்மார்ட்ஃபோன் போதுமா, தனிக் கம்ப்யூட்டர் வேண்டுமா?

சைக்கிள் ஓட்டத் தொடங்கிய சில மாதங்களில் பலருக்கும் ஒரு கேள்வி எழுகிறது. எவ்வளவு தொலைவு சென்றோம், எந்த வேகத்தில் சென்றோம், எத்தனை மீட்டர் ஏறினோம் என்பதையெல்லாம் பதிவு செய்யச் சட்டைப் பையில் இருக்கும் கைபேசியே போதுமா, ஹேண்டில்பாரில் பொருத்தும் சைக்கிள் கம்ப்யூட்டர் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டுமா என்பதே அது. கடையில் இதைக் கேட்டால் பேச்சு உடனே துல்லியத்தின் பக்கம் திரும்பிவிடும். துல்லியம் முக்கியம்தான், ஆனால் அதை முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டால் தேவையில்லாத செலவில் போய் முடிய வாய்ப்பு அதிகம். முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: அந்த எண்களை ஓட்டும்போதே பார்க்க வேண்டுமா, வீடு திரும்பிய பின் பார்த்தால் போதுமா?

வீடு திரும்பிய பின் பார்த்தால் போதும் என்பவருக்கு இன்றைய கைபேசி ஏறத்தாழ எல்லாவற்றையும் செய்து தந்துவிடும். ஓட்டும்போதே பார்க்க வேண்டும் என்பவருக்கு, அதிலும் மணிக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் பார்க்க வேண்டும் என்பவருக்கு, கைபேசி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பொருத்தமான கருவியாகாது. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டுச் சாலைகளையும் பருவநிலையையும் ஒட்டியவை. குளிர்நாட்டுப் பரிந்துரைகள் நம் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

கைபேசியை வைத்துத் தொடங்குங்கள்

பயணத்தைப் பதிவு செய்வது என்ற ஒரே வேலையைக் கைபேசி நன்றாகச் செய்கிறது. 2018க்குப் பிறகு வந்த பல கைபேசிகளில் இரட்டை அலைவரிசையில் செயற்கைக்கோள் சமிக்ஞைகளைப் பெறும் சிப்புகள் உள்ளன. அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றை அவை ஒருங்கே பயன்படுத்துகின்றன. திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசியே ஏறத்தாழ ஐந்து மீட்டர் அளவிலான துல்லியத்தைத் தரும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற திறந்தவெளிப் பாதையில் கைபேசியின் பதிவையும் விலை உயர்ந்த கம்ப்யூட்டரின் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மொத்தத் தொலைவில் கவலைப்படத்தக்க வேறுபாடு இருக்காது.

இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. கைபேசி அதே விவரத்தை இணையம் வழியாக முன்கூட்டியே பெற்றுக்கொள்வதால்தான் நொடிகளில் இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. தொடங்கிய பிறகு சிக்னல் இல்லாத மலைப்பாதையில் சென்றாலும் பதிவு தொடரும். பின்னணி வரைபடம் மட்டும் வெறுமையாகத் தெரியும். போகும் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டால் அந்தக் குறையும் நீங்கும்.

பதிவு பாதியில் அறுந்துபோவதுதான் கைபேசியில் அடிக்கடி கேட்கும் புகார். இதற்குக் காரணம் பெரும்பாலும் செயற்கைக்கோள் அல்ல, பேட்டரியைச் சேமிப்பதற்காக ஆண்ட்ராய்டு கைபேசிகள் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுவதே. சில சீன நிறுவனக் கைபேசிகளில் இந்தக் கட்டுப்பாடு மிகக் கடுமையானது. ஆகவே ஸ்ட்ராவா, ரைடு வித் ஜிபிஎஸ் என எந்தச் செயலியை வைத்திருந்தாலும், அமைப்புகளில் அந்தச் செயலிக்குரிய பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். பேட்டரி சேமிப்பு முறையை அணைக்க வேண்டும். திரை அணைந்திருக்கும்போதும் இருப்பிடத்தை அறியும் அனுமதியைச் செயலிக்கு வழங்க வேண்டும். துல்லியமான இருப்பிடம் என்ற தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாமலேயே கைபேசி சரிப்படவில்லை என்று முடிவு செய்து கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் உண்டு.

கைபேசியை எங்கே வைப்பது என்பதற்கு என் பரிந்துரை எளிமையானது: ஹேண்டில்பாரில் வேண்டாம். ஜெர்சியின் பின்பையில், அது இல்லையென்றால் டாப் டியூபில் (சைக்கிள் சட்டத்தின் மேற்குழாயில்) பொருத்தும் சிறு பையில், மழை வரக்கூடிய நாளில் நீர் புகாத உறைக்குள், திரையை அணைத்து வைத்திருங்கள். உடல் மறைப்பதால் சமிக்ஞை சற்றே பலவீனப்படலாம். திறந்த சாலையில் அதனால் பெரிய இழப்பு ஏதும் இல்லை. திரை அணைந்த நிலையில் பதிவு செய்யும்போது மணிக்குப் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே பெரும்பாலான கைபேசிகளின் பேட்டரி குறையும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வேகத்தைக் குரலில் அறிவிக்கும் வசதி சில செயலிகளில் இருக்கிறது. காதில் எதையும் மாட்டாமல் கைபேசியின் ஒலிபெருக்கி வழியாகவே அதைக் கேட்டுக்கொள்ளலாம். ஓட்டும்போது எண்கள் வேண்டும் என்று நினைத்தவர்களில் சிலருக்கு இதுவே போதுமானதாக இருந்துவிடுகிறது.

ஹேண்டில்பாரில் கைபேசி ஏன் தடுமாறுகிறது

முதல் எதிரி வெப்பம். ஐஃபோனைப் பயன்படுத்துவதற்கு ஆப்பிள் நிறுவனம் வகுத்திருக்கும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. சென்னையிலும் வேலூரிலும் திருச்சியிலும் கோடைக்காலத்தில் முற்பகலிலேயே அந்த வரம்பை எட்டிவிடுவதுண்டு. நேரடி வெயிலில், கறுப்புக் கண்ணாடித் திரையுடன், முழு வெளிச்சத்தில் வரைபடம் காட்டிக்கொண்டிருக்கும் கைபேசியின் உள்வெப்பம் அதற்கும் மேலே போகும். சூடேறிய கைபேசி முதலில் திரை வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பிறகு மின்னேற்றத்தை நிறுத்துகிறது. முடிவில் ஆறும் வரை பயன்படுத்த முடியாது என்று எச்சரிக்கை காட்டுகிறது. வெயிலில் திரை தெரியவேண்டும் என்றால் வெளிச்சம் கூட வேண்டும், வெளிச்சம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் வெளிச்சம் குறைக்கப்படும். பவர் பேங்கை இணைத்தால் இந்தச் சிக்கல் தீராது. மின்னேற்றமும் வெப்பத்தைத் தருவதால் இன்னும் மோசமாகும்.

அடுத்தது மழை. இன்றைய கைபேசிகள் பலவும் நீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அவை தாங்கும் நீரை அவற்றின் தொடுதிரை தாங்குவதில்லை. திரையில் விழும் துளிகளையும் வியர்வையையும் விரல் என்று எண்ணிப் பதிவை நிறுத்துவதும், வேறு செயலிக்குத் தாவுவதும் நடக்கும். ஈரக் கையுறையுடன் அதைச் சரிசெய்ய முயன்றால் கண் சாலையை விட்டு விலகுகிறது. குழியும் வேகத்தடையும் முன்னறிவிப்பின்றி வரும் நம் சாலைகளில் அது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதிர்வைப் பற்றிய அச்சமும் பரவலாக இருக்கிறது. அதிக ஆற்றல் கொண்ட மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐஃபோன் கேமராவின் நிலைநிறுத்தும் அமைப்பைக் காலப்போக்கில் பாதிக்கலாம் என்று ஆப்பிள் 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை எஞ்சின் அதிர்வைப் பற்றியது. மிதிவண்டியில் எஞ்சின் இல்லை என்பதால் அதை அப்படியே இங்கே பொருத்துவது சரியன்று. இருப்பினும் சஸ்பென்ஷன் இல்லாத ரோடு பைக்கில், காற்று இறுக்கமாக அடித்த மெல்லிய டயர்களுடன், பெயர்ந்த தார்ச்சாலையில் மணிக்கணக்கில் செல்வதென்றால், 200 கிராம் எடையுள்ள கைபேசியை மலிவான பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கேமராவைவிட, ஹோல்டர் கழன்று கைபேசி சாலையில் விழுவதே அதிகம் நடக்கக்கூடிய சேதம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பேட்டரி. திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வரைபடத்துடன் ஓட்டினால் பல கைபேசிகள் நான்கைந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகு இழப்பது பயணப் பதிவை மட்டுமல்ல. பஞ்சர் ஆனால் யாரையாவது அழைப்பதற்கும், வழி தேடுவதற்கும், சாலையோரக் கடையில் இளநீருக்கு க்யூஆர் வழியாகப் பணம் கொடுப்பதற்கும் அதே கைபேசிதான் வேண்டும். பணப்பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படும் பழக்கம் வந்துவிட்ட இக்காலத்தில், கைபேசியின் பேட்டரியை அவசரத் தேவைக்காக ஒதுக்கி வைப்பது ஒன்றே தனிக் கருவி வாங்குவதற்குப் போதுமான காரணமாகலாம்.

சைக்கிள் கம்ப்யூட்டர் என்பது என்ன

இந்தப் பெயரில் விலையாலும் பயனாலும் மிகவும் வேறுபட்ட மூன்று வகைக் கருவிகள் விற்கப்படுகின்றன.

மிகவும் எளியது, ஸ்போக்கில் ஒரு காந்தமும் ஃபோர்க்கில் ஓர் உணரியும் பொருத்தி, சக்கரம் சுற்றுவதை எண்ணிச் சொல்லும் கருவி. ஜப்பானின் கேட்ஐ நிறுவனத்தால் பரவலாக அறியப்பட்ட இவ்வகை, பொத்தான் செல்லில் மாதக்கணக்கில் ஓடும். வேகமும் தொலைவும் நேரமும் தெரிந்தால் போதும், ஸ்ட்ராவாவில் பதிவேற்ற வேண்டாம் என்பவருக்கு இதுவே நிறைவானது. கைபேசியைப் பையில் பதிவுக்கு வைத்துக்கொண்டு கண்ணுக்கு முன்னால் இதைப் பொருத்திக்கொள்வது, மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல ஏற்பாடு. அதை யாரும் பரிந்துரைக்காததற்குக் காரணம் அதில் விற்பனையாளருக்கு லாபம் குறைவு என்பதாகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டாவது வகை, வரைபடம் இல்லாத ஜிபிஎஸ் கம்ப்யூட்டர். சீனாவின் ஐஜிபிஸ்போர்ட், எக்ஸ்ஓஎஸ்எஸ், தைவானின் பிரைட்டன் போன்ற நிறுவனங்கள் சில ஆயிரம் ரூபாயில் இவற்றைத் தருகின்றன. பயணத்தைப் பதிவு செய்யும், வெளி உணரிகளுடன் இணையும், பயணம் முடிந்ததும் புளூடூத் வழியாகக் கைபேசிக்கு அனுப்பும். சிலவற்றில் முன்பே வகுத்த பாதையை வெறும் கோடாகக் காட்டும் வசதியும் உண்டு. நம் ஊரில் வார இறுதிகளில் 50 முதல் 100 கி.மீ. வரை ஓட்டுபவர்களுள் பெரும்பாலோருக்கு இதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

மூன்றாவது, முழு வரைபடமும் திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டலும் கொண்டவை: கார்மின் எட்ஜ் வரிசையின் உயர் மாதிரிகள், வாஹூ எலமென்ட் ரோம், ஹேமர்ஹெட் கரூ ஆகியன. இவற்றின் விலை ஒரு நல்ல கைபேசிக்கு இணையானது. தெரியாத ஊரில் தெரியாத பாதையில் அடிக்கடி ஓட்டுபவருக்கும், மிதிக்கும் ஆற்றலை அளக்கும் பவர் மீட்டர் வைத்துக் கட்டமைத்த பயிற்சி செய்பவருக்கும் இவை பொருள் உள்ளவை. ஒரே சாலையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய் வருபவருக்கு வழிகாட்டுவதற்கு என்ன இருக்கிறது?

இரண்டாம் வகையிலும் மூன்றாம் வகையில் பலவற்றிலும் உள்ள திரை, சூரிய ஒளியைத் தானே பிரதிபலித்துக் காட்டும் தன்மை கொண்டது. வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகிறதே தவிர மங்குவதில்லை; திரையின் பின்னொளி பகலில் தேவைப்படாததால் மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகிறது. கைபேசியின் பேட்டரியில் சிறு பங்கே கொண்ட இக்கருவிகள் 15 மணி நேரத்திலிருந்து 30 மணி நேரத்துக்கு மேலும் ஓடுவதன் ரகசியம் இதுதான். அண்மையில் வந்த சில உயர்விலை மாதிரிகள் கைபேசியைப் போன்ற பளபளப்பான வண்ணத் திரைக்கு மாறியுள்ளன. கடையின் குழல்விளக்கின் கீழ் அழகாகத் தெரியும் அத்திரையை வாங்குமுன் வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது. தொடுதிரையா, பொத்தான்களா என்று தேர்வு இருக்குமானால், மழையையும் வியர்வையையும் கருதிப் பொத்தான்கள் உள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

துல்லியம் எங்கே உண்மையில் வேறுபடுகிறது

சமவெளியில் வேறுபாடு இல்லை என்று மேலே சொன்னேன். மலையில் கதை வேறு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒருபுறம் பாறைச்சுவர், மேலே மரக்கூரை என்ற நிலையில் வானத்தின் பாதிதான் கருவிக்குத் தெரியும். பாறையில் பட்டுத் திரும்பும் சமிக்ஞைகளும் சேர்ந்து இடத்தைக் குழப்பும். மெதுவாக ஏறும்போது இடப்புள்ளி அங்குமிங்கும் அலைவதால் தொலைவு சற்றுக் கூடலாம். வேகமாக இறங்கும்போது வளைவுகள் குறுக்கே வெட்டப்பட்டுத் தொலைவு குறையலாம். இது கைபேசிக்கும் கம்ப்யூட்டருக்கும் பொது. தானாக நிறுத்தும் வசதியை இயக்கி வைத்திருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் நாம் நின்றுவிட்டதாகக் கருவி எண்ணிக்கொள்வதும் உண்டு; மலையேறும் நாளில் அதை அணைத்துவிடுங்கள்.

இதைச் சரிசெய்வது வேக உணரி. சக்கரத்தின் ஹப்பில் ரப்பர் பட்டையால் கட்டப்படும் இது, செயற்கைக்கோளைச் சாராமல் சக்கரச் சுழற்சியை எண்ணுகிறது. வானம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வேகம் உடனுக்குடன் சரியாகத் தெரியும். ஒரே நிபந்தனை, சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகத் தர வேண்டும். 700×25 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2105 மி.மீ.; 700×28க்கு 2136 மி.மீ. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் 100 கி.மீ. பயணத்தில் சுமார் ஒன்றரை கி.மீ. பிழை வரும். தரையில் ஒரு கோடு போட்டு, வால்வு கீழே இருக்குமாறு வைத்து, ஓட்டுபவர் மேலே அமர்ந்த நிலையில் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டி, நாடாவால் அளந்துகொள்வதே சிறந்த வழி.

உயரத்தைக் கணக்கிடுவதில் கம்ப்யூட்டரின் மேன்மை வெளிப்படையானது. செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேயே இருப்பதால், ஜிபிஎஸ் தரும் உயரம் அது தரும் இடத்தைவிட எப்போதும் பிழை மிகுந்தது. பெரும்பாலான ஜிபிஎஸ் கம்ப்யூட்டர்களில் காற்றழுத்தமானி இருக்கிறது. கடல்மட்டத்துக்கு அருகே ஒவ்வொரு 8 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றழுத்தம் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும் என்பதை வைத்து அது ஏற்றத்தை அளக்கிறது. பெரும்பாலான ஐஃபோன்களில் 2014 முதல் காற்றழுத்தமானி உண்டு. ஆனால் விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் இல்லை. இல்லாத நிலையில் பதிவேற்றிய பின் செயலி நிலப்பட உயரத்தரவை வைத்து ஏற்றத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். பாலத்தின் மேல் சென்றாலும் கீழே உள்ள பள்ளத்தையே கணக்கில் எடுக்கும் குறை அதில் இருக்கிறது.

காற்றழுத்தமானியும் பிழையற்றதல்ல. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் முற்பகல் பத்து மணியளவில் உச்சத்தையும் பிற்பகல் நான்கு மணியளவில் தாழ்வையும் நாள்தோறும் தொடுகிறது. இடைப்பட்ட வேறுபாடு 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல். ஆகவே காலை பத்துக்குப் புறப்பட்டு மாலை நான்குக்கு வீடு திரும்பினால், வீடு சுமார் 20 மீட்டர் உயர்ந்துவிட்டதாகக் கருவி காட்டினால் அது பழுது அல்ல. புறப்படும் இடத்தின் உயரத்தைக் கருவியில் ஒருமுறை பதிந்துவைத்தால் தொடக்க உயரமாவது சரியாக இருக்கும்.

உணரிகள் வைத்திருந்தால்

இதயத்துடிப்புப் பட்டை, பெடல் சுழற்சியை எண்ணும் கேடன்ஸ் உணரி, பவர் மீட்டர் ஆகியவை ஆன்ட் பிளஸ், புளூடூத் என்ற இரண்டு கம்பியில்லாத் தொடர்பு வழிகளில் பேசுகின்றன. கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். ஐஃபோனில் ஆன்ட் பிளஸ் இல்லை; ஆண்ட்ராய்டிலும் அரிதாகிவிட்டது. ஆன்ட் பிளஸ் சமிக்ஞையை எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். புளூடூத்தில் பழைய உணரிகள் ஒரு கருவியுடன் மட்டுமே இணையும். எனவே உணரி வாங்கும்போது இரண்டு வழியிலும் பேசக்கூடியதை வாங்கினால் பின்னால் எந்தப் பக்கம் மாறினாலும் வீணாகாது. கைபேசிச் செயலிகள் எல்லாமே எல்லா உணரிகளையும் ஏற்பதில்லை. குறிப்பாகப் பவர் மீட்டர் வைத்திருப்பவர் கம்ப்யூட்டர் இல்லாமல் ஓட்டுவதில் பொருளில்லை, ஏனெனில் அந்த எண் அந்த நொடியில் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பயன்.

நெடுந்தொலைவு ஓட்டுபவர்கள்

ஆடக்ஸ் இந்தியா அமைப்பின் கீழ் நடக்கும் பிரவே எனப்படும், கால வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தொலைவுப் பயணங்களில் 200 கி.மீ. தொலைவுக்கு 13 மணி 30 நிமிடமும், 300க்கு 20 மணியும், 400க்கு 27 மணியும், 600க்கு 40 மணியும் கால வரம்பு. குறிப்பிட்ட சோதனை இடங்களைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் கடக்க வேண்டும் என்பதால் மீதத் தொலைவும் நேரமும் கண்ணெதிரே இருப்பது இங்கே உண்மையான தேவை. 200க்குக் கைபேசியும் பவர் பேங்கும் போதும் என்று சமாளிக்கலாம். 300ஐத் தாண்டினால் தனிக் கருவி வாங்குவதுதான் அறிவுடைமை.

அப்போது நிறுவனம் அறிவிக்கும் பேட்டரி நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். கோரோஸ் டியூரா என்ற கம்ப்யூட்டர் 120 மணி நேரம் ஓடும் என்பது போன்ற அறிவிப்புகள் குறிப்பிட்ட அமைப்புகளில் கிடைப்பவை. பல செயற்கைக்கோள் தொகுதிகளை இயக்கி, வழிகாட்டலையும் இரவில் திரையின் பின்னொளியையும் உணரிகளையும் சேர்த்தால் பாதியாகக் குறைவது இயல்பு. ஓடும்போதே மின்னேற்றம் செய்ய முடியுமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். சில மாதிரிகளில் மின்னேற்றத் துளை அடிப்பக்கம் இருப்பதால், ஹேண்டில்பாரில் உள்ள மவுண்டில் பொருத்திய பின் கேபிளைச் செருகவே இடம் இருக்காது. டைப்-சி துளை உள்ளதாக இருந்தால் விளக்குக்கும் கைபேசிக்கும் கருவிக்கும் ஒரே கேபிள் போதும்.

பாதுகாப்பு வசதிகள் பற்றி ஒரு தெளிவு

விபத்தை உணர்ந்து குடும்பத்தாருக்குச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது என்பதற்காகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: கார்மின் எட்ஜ் உள்ளிட்ட பெரும்பாலான கருவிகளில் விபத்தை உணர்வது கருவி, செய்தி அனுப்புவது அதனுடன் இணைந்திருக்கும் கைபேசி. கைபேசி வீட்டில் இருந்தாலோ, சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தாலோ செய்தி போகாது. ஓடும் இடத்தை நேரலையில் காட்டும் வசதிக்கும் இதே நிலைதான். ஆகவே கம்ப்யூட்டர் வாங்கினாலும் கைபேசி உடன் வரவே செய்யும். கேள்வி அது பையில் வருகிறதா, ஹேண்டில்பாரில் வருகிறதா என்பதுதான்.

பின்னால் வரும் வாகனத்தை 140 மீட்டர் தொலைவிலேயே அறிந்து சொல்லும் கார்மின் வேரியா ரேடார் போன்றவை கம்ப்யூட்டரில் சிறப்பாக வேலை செய்கின்றன. கைபேசியிலும் இணைக்கலாம் என்றாலும், வரும் வாகனத்தைத் திரையில் பார்க்க வேண்டுமானால் திரை எப்போதும் இயங்க வேண்டியிருக்கும். நகரப் போக்குவரத்தில் இடைவிடாது ஒலித்து எரிச்சலூட்டும் இக்கருவி, நெடுஞ்சாலையின் ஓரத்தில் அதிகாலையில் ஓட்டுபவருக்கு உண்மையிலேயே உதவும்.

எப்படி முடிவெடுப்பது

செலவழிக்கும் முன் ஒரு மாதம் கைபேசியை மட்டும் பையில் வைத்து, மேலே சொன்ன அமைப்புகளைச் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும், வழியில் எந்தத் தகவலுக்காகக் கைபேசியை வெளியே எடுக்க நேர்ந்தது என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். மாத இறுதியில் அந்தப் பட்டியலே விடை சொல்லிவிடும். எதுவும் எழுதவில்லை என்றால் கம்ப்யூட்டர் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல டயருக்கோ, தலைக்கவசத்துக்கோ, முன்பின் விளக்குகளுக்கோ செலவிடலாம். வேகமும் தொலைவும் மட்டுமே திரும்பத் திரும்ப வந்திருந்தால் காந்தக் கருவியோ, எளிய ஜிபிஎஸ் கருவியோ போதும். இதயத்துடிப்பும் கேடன்ஸும் எழுதப்பட்டிருந்தால் இரண்டாம் வகை. வழி தேடியே நின்றிருந்தால் மட்டும் வரைபடம் உள்ள மூன்றாம் வகையைப் பாருங்கள்.

வழி தேடுவது எப்போதாவதுதான் என்றால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைபேசியை ஹேண்டில்பாருக்கு ஒதுக்கலாம். சிம் இல்லாமலே அதன் ஜிபிஎஸ் இயங்கும். தரவிறக்கிய வரைபடம் தெரியும். விழுந்து உடைந்தாலும் வங்கிக் கணக்கும் தொடர்புகளும் பத்திரமாக வேறிடத்தில் இருக்கும். வெயிலும் மழையும் குறித்துச் சொன்ன குறைகள் இதற்கும் பொருந்தும், பழைய பேட்டரி என்பதால் ஓடும் நேரமும் குறைவு. ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செல்லும் பயணத்துக்கு இது தாராளம். ஸ்மார்ட் வாட்ச் வைத்திருப்பவர்கள் அதிலேயே பதிவு செய்துகொள்ளலாம். ஓட்டும்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பது மட்டும் நல்ல பழக்கமல்ல.

வாங்கிய பின்

முதல் பயணத்துக்கு முன் கருவியைக் கைபேசிச் செயலியுடன் இணைத்து மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அப்போதே செயற்கைக்கோள் விவரங்களும் பல கருவிகளுக்கு வந்துசேரும். வாசலில் திறந்த வானத்தின் கீழ் அசையாமல் வைத்து, சமிக்ஞை கிடைத்ததாகக் காட்டிய பிறகே பெடலை மிதியுங்கள். நகர்ந்துகொண்டே தேடவிட்டால் அதிக நேரம் பிடிக்கும், முதல் கிலோமீட்டரும் பதிவில் கோணலாக வரும். திரையில் நான்கைந்து எண்களுக்கு மேல் வைக்காதீர்கள். ஐபிஎக்ஸ்7 என்ற குறியீடு ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. மின்னேற்றத் துளையின் ரப்பர் மூடி சரியாக அழுந்தியிருக்கும்வரைதான் அந்த உறுதி. மவுண்டுடன் தரப்படும் சிறு கயிற்றைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஹேண்டில்பாரில் கட்டுங்கள். டீக்கடையில் நிற்கும்போது கருவியைக் கால் சுற்று திருப்பிக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கைபேசியிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே பயணத்தைப் பதிவு செய்தால் ஒன்றை மட்டும் பதிவேற்றுங்கள். தானாகப் பதிவேற்றும் வசதி இரண்டிலும் இயங்கிக்கொண்டிருந்தால் மாதத் தொலைவு இரட்டிப்பாகும் வாய்ப்பு உண்டு.

எந்தக் கருவியானாலும், ஸ்ட்ராவா போன்ற தளத்தில் முதல் கோப்பு ஏறும் முன் தனியுரிமை அமைப்புகளுக்குச் சென்று தொடக்க, முடிவு இடங்களை மறைத்துவிடுங்கள். பயனர்களின் பயணங்களைத் தொகுத்து ஸ்ட்ராவா 2017இல் வெளியிட்ட உலக வெப்பவரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்பாதைகள்கூடப் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் உலகச் செய்தியானது. நம் விஷயத்தில் தெரிந்துவிடக்கூடியது, விலை உயர்ந்த சைக்கிள் எந்தத் தெருவில் எந்த வீட்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பது.